மானுக்கு எந்தக் குண்டு

நெல்சன் வீட்டுக்குள் நடக்கும்போது குதிகாலைத் தரையில் வைப்பதில்லை. பத்து மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது. பர்மிய நகரத்தின் தாமுவே பகுதியில் அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் குடியிருப்பது அவன் அக்கா ஜூடித் ஒருத்திதான் என்று கீழ் வீட்டுக்காரர்களும் வார்டு ஆபீசும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்புகிறார்கள் என்று ஜூடித் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவன் குழாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். தெருப்பக்க ஜன்னலை அவன் பத்து மாதமாக நெருங்கவில்லை.

கட்டாய ராணுவச் சேவைக்கான குலுக்கலில் பெயர் விழுந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. தம்பி தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று ஜூடித் வார்டு ஆபீசில் சொல்லிவிட்டு வந்தாள். உண்மையில் அவன் போவதாகத்தான் இருந்தது. பையெல்லாம் கட்டி வைத்திருந்தான். முன்னால் கிளம்பிய இரண்டு சிநேகிதர்கள் பாதி வழியில் பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தது. கட்டிய பை கட்டிலுக்கடியில் போனது. அவன் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டான்.

ஜூடித்துக்கு வயது நாற்பத்து மூன்று. கியாக்டடாவில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டின் ஆபீசில் கடிதம் அடிக்கும் வேலை. அப்பா ஆபிரகாமும் ஆயுள் முழுக்கக் கடிதம் அடித்தவர்தான். நல்ல ஆங்கிலம் ஒன்றுதான் அவர் விட்டுப்போன சொத்து. அதை வைத்துத்தான் இப்போது நெல்சன் பிழைத்தான். அச்சகத்தில் அவனோடு வேலை பார்த்த சுந்தர் பாங்காக்கில் இருந்தான். அவன் மூலம் அமெரிக்காவில் ஒரு கடையின் எழுத்து வேலை கிடைத்தது. வேட்டைச் சாமான் விற்கும் கடை. அதிலும் பழைய காலத்து மாதிரி, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு வேண்டிய சாமான் மட்டும் விற்கிற கடை. அந்த ஊரில் மான் வேட்டைக்கென்று அரசாங்கமே சில வாரங்களை ஒதுக்கிக் கொடுக்குமாம். அப்போது வேட்டைக்காரர்கள் கடைக்கு எழுதிக் கேட்பார்கள். எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு, எவ்வளவு எடை, எத்தனை கஜம். அதற்கெல்லாம் நெல்சன் உட்கார்ந்து விளக்கம் எழுதினான்.

முதலில் அவனுக்கே சிரிப்பாக இருந்தது. துப்பாக்கியிலிருந்து தப்பிக்க ஒளிந்திருப்பவன் துப்பாக்கிக் குண்டைப் பற்றி எழுதுகிறான். போகப் போகச் சிரிப்பு நின்று போய், அதிலேயே மூழ்கிவிட்டான். கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தான். சாயங்காலம் ஜூடித் சோறு வடிக்கும்போது அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

"இந்தத் துப்பாக்கியில ஒரே ஒரு வெடிதான்கா. மறுபடி மருந்து போட்டு, குண்டை வெச்சு, கோலால இடிச்சு முடிக்கிறதுக்குள்ள மான் ரெண்டு மலை தாண்டிரும். அதனால குண்டத் தேர்ந்தெடுக்கிறதுதான் முக்கியம். சரியில்லாத குண்டுன்னா மான் சாகாது. காயத்தோட ஓடும். எங்கயோ புதர்ல கெடந்து மூணு நாள் துடிக்கும்."

"சோறு திங்கிற நேரத்துல இதையா பேசுவே?" என்பாள் ஜூடித். ஆனாலும் கேட்டுக்கொள்வாள். அவளை விட்டால் அவனுக்குப் பேச வேறு ஆள் இல்லை.

வீட்டில் மின்சாரம் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லாபீ!", விளக்கு வந்துவிட்டது, என்று கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் நெல்சனுக்கு ஆபீஸ் மணி. இணையத் தொடர்பு அதைவிட மோசம். லேப்டாப்பில் எழுதியதை ஜூடித்தின் போனில் ஏற்றிவிடுவான். அவள் ஆபீசுக்குப் போய் அங்கிருந்து சுந்தருக்கு அனுப்பிவிட்டு உடனே அழித்துவிடுவாள். வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி. படம் எதுவும் வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அந்தப் புதன்கிழமை சட்டம் மீறப்பட்டது. மூன்று வகைக் குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படம் வேண்டுமென்று கடை கேட்டிருந்தது. "இந்த ஒரு தடவைக்கா" என்று நெல்சன் கெஞ்சினான். அவளும் சரி என்றாள்.

ஆபீசுக்குப் போகும் வழியில், கண்டோஜி ஏரியைத் தாண்டியதும், சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

இறங்கி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அடையாள அட்டை, போன் இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஜூடித்துக்கு முன்னால் ஏழு பேர். போனைத் திறந்து அழிக்க அவளுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் வரிசையின் பக்கவாட்டில் ஒரு சிப்பாய் நடந்துகொண்டே இருந்தான், எல்லோருடைய கைகளையும் பார்த்தபடி. முன்னால் ஒரு பெண் போனைத் தொட்டதற்கு அவளைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். ஜூடித் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு பேர் ஆறானார்கள், ஆறு நாலானார்கள். பின்னால் போகவும் முடியாது, நகராமல் நிற்கவும் முடியாது.

சோதித்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். தேவாலயத்துக் கிறிஸ்துமஸ், ஆபீசுக் கேக், ராணி டெய்லர் தைத்துக்கொடுத்த ரவிக்கை. விரல் நின்றது. ஈயத்தில் உருண்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் கூராக ஒன்று. மூன்று குண்டுகள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனான். இன்னொருவன் வந்து அவள் முழங்கையைத் தொட்டான். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. அவளுடைய சாப்பாட்டுப் பை அதற்குள்ளேயே இருந்தது.

கொட்டகைக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் ஒரு தேநீர்க் குடுவை. உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். குரலும் அப்படித்தான், உயரவே இல்லை. பேச்செல்லாம் பர்மிய மொழியில்; அவர் அவளை 'அமா', அக்கா என்றார், அவள் அவரை 'ஸயா', ஐயா என்றாள்.

"டோ கின் மியா" என்று அவள் அட்டையில் இருந்த பர்மியப் பெயரை மரியாதை அடைமொழியோடு வாசித்தார். "உட்காருங்க அமா. இது என்ன?"

"வேலை, ஸயா. ஒரு வெளிநாட்டுக் கடைக்கு எழுதிக் கொடுக்குறேன். மான் வேட்டைக்குச் சாமான் விக்கிற கடை."

"யார் எழுதுறது?"

"நான்தான்."

சொன்ன பிறகுதான் எதில் காலை வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? கணக்குப்படி வீட்டில் இன்னொரு ஆள் இல்லையே.

அதிகாரி போனில் இருந்ததை மெல்லப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்தது. சில இடங்களில் உதடு அசைந்தது.

"துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?"

"இல்ல, ஸயா."

"தொட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"மான் பார்த்திருக்கீங்களா?"

"மிருகக்காட்சிசாலையில."

அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா கிட்ட தூமி இருந்தது" என்றார். மலைப்பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்துகொள்ளும் நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தப் பெயர். அதுவும் வாய்வழி கெட்டிப்பதுதான். "நான் கேக்குறேன், சொல்லுங்க. எழுபது கஜத்துல கடமான் நிக்குது. எந்தக் குண்டு போடுவீங்க?"

ஜூடித் யோசித்தாள். தெரியாது என்றால், எழுதியவன் எங்கே என்பார். தெரியும் என்றால், யார் சொல்லிக்கொடுத்தது என்பார். இரண்டு பக்கமும் சுவர். கண்ணை ஒரு நொடி மூடினாள். அடுப்படி வாசலில் குந்தியிருக்கும் தம்பியின் குரல் காதில் வந்தது. அவன் ஒருபோதும் குண்டிலிருந்து தொடங்க மாட்டான்.

"முதல்ல துப்பாக்கி என்னன்னு கேப்பேன், ஸயா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"குழலுக்குள்ள சுருள் வரி இருக்கும். அது மெதுவா சுத்துனா உருண்டை ஈயம்தான் சரி, எண்ணெய்த் துணியில சுத்திப் போடணும். வேகமா சுத்துனா நீளக் குண்டு. வேக வரியில உருண்டையப் போட்டா பக்கத்துல போயிரும், நேரா போகாது. வரியே இல்லாத குழல்னா இன்னும் கிட்டப் போய்த்தான் சுடணும், எழுபது கஜம் அதிகம்."

"எங்க அப்பா குழல்ல வரி கிடையாது."

"அப்ப அவர் நாப்பது கஜத்துக்குள்ள போயிருப்பார்."

"முப்பது" என்றார் அதிகாரி. கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஒரு தடவை பழைய பேட்டரி ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார். கடமான் விழல. நானும் அவரும் பொழுது சாயுற வரைக்கும் ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே போனோம். கிடைக்கல. ஏன்?"

"பேட்டரி ஈயம் கடினம், ஸயா. சுத்த ஈயம்னா உள்ள போனதும் விரிஞ்சு கொடுக்கும். கடின ஈயம் சின்ன ஓட்டை போட்டுட்டுப் போயிரும். மான் நிக்காது."

"ரொம்ப லேசான குண்டு?"

"தோளெலும்புலயே நின்னுரும். உள்ள போகாது. அதனால எடையும் வேணும், மிருதுவும் வேணும்."

சொல்லச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்தது. பரீட்சையில் பாஸ் ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அதிகாரி குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த ஊர் மான் எத்தனை எடை இருக்கும்?"

"அறுபது, எழுபது கிலோ."

"நான் அறுபத்தெட்டு" என்றார் அதிகாரி.

ஜூடித் எடுத்த கோப்பையை வைத்துவிட்டாள்.

"மலையில எங்களை எதிர்த்து நிக்கிற பையன்கள் இதே துப்பாக்கியைத்தான் செய்யுறாங்க. எந்த ஈயம், எவ்வளவு எடை, எத்தனை கஜம். இதெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து பொறுமையா எழுதிக்கொடுத்தா அவங்களுக்கு எவ்வளவு உபயோகம்!" குரலில் கோபமே இல்லை. "நீங்க நல்லா எழுதுறீங்க அமா. அதுதான் சங்கடம்."

"ஸயா, ஆண்டவர் சத்தியமா இது மானுக்குத்தான். அந்தக் கடைக்காரன் நம்பர் கூட..."

அப்போது மேசைமேல் போன் அதிர்ந்தது.

திரையில் 'ராணி டெய்லர்' என்று வந்தது. நெல்சனின் நம்பரை அவள் அந்தப் பெயரில்தான் வைத்திருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் செய்தி. அதிகாரி அதை அவளுக்கு நேராகத் திருப்பினார். படித்தாள்.

*240 இல்லக்கா, 340. தப்பா எழுதிட்டேன். மாத்திட்டு அனுப்பு.*

நீளக் குண்டின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு எண்ணைத் தவறாக எழுதியது அவனுக்கு இப்போதுதான் உறுத்தியிருக்கிறது.

"என்ன சொல்றாங்க?"

"டெய்லர், ஸயா. எங்க பாஷை. ரவிக்கையும் தமெய்னும் செட்டா தைக்கக் கொடுத்திருக்கேன். துணி இருநூத்தி நாப்பது சென்டிமீட்டர் போதாது, முந்நூத்தி நாப்பது வேணும்னு சொல்றா."

அதிகாரி எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அழைக்கும் பொத்தானை அழுத்திச் சத்தமாக வைத்தார். "பேசுங்க. பர்மியத்துல."

மணி போனது. எடுக்காதே, எடுக்காதே என்று அவள் மனசுக்குள் கதறினாள். எடுத்தான். எடுத்தவன் எப்போதும் போல முதலில் பேசவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒப்பந்தம். அவன் மூச்சுகூடக் கேட்கவில்லை.

"மா ராணி" என்றாள் ஜூடித் பர்மிய மொழியில். அக்காவும் தம்பியும் பிறந்ததிலிருந்து ஒருவரோடொருவர் அந்த மொழியில் பேசியதில்லை. "துணி முந்நூத்தி நாப்பது சென்டிமீட்டர் வேணும்னு அனுப்பினீங்களே, அதுதானே? நான் வழியில சோதனைச் சாவடியில இருக்கேன். ஸயா கேக்குறார்."

அமைதி. ஒரு குரல் வந்தால் போதும், ஆண் குரல், எல்லாம் முடிந்தது. அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே இன்னொரு பஸ் வந்து நின்றது. ஜூடித் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடர்பு அறுந்தது.

அதிகாரி மறுபடி அழுத்தப் போனார். அதற்குள் செய்தி வந்தது, சுத்தமான பர்மிய எழுத்தில்: *அக்கா, ஆள் அளவு கொடுத்துக்கிட்டிருக்காங்க, பேச முடியல. ஆமா, 340 சென்டி. வெள்ளிக்கிழமை துணியோட வாங்க.*

அதைப் படித்துவிட்டு அதிகாரி போனைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகும் அவளை உடனே விடவில்லை. மதியம் வரை உட்கார வைத்தார். இந்த வேலையை இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார். வீட்டு விலாசம், வீட்டுப் பட்டியலில் எத்தனை பேர், தம்பி எங்கே எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தார். "தாய்லாந்து" என்று அவள் சொன்னதைத் தனியாகக் கோடு போட்டு எழுதினார். போனைத் திருப்பித் தரவில்லை.

"தினமும் இந்த வழிதானே வேலைக்கு?"

"ஆமா, ஸயா."

"நல்லது. வழியை மாத்தாதீங்க."

ஆபீசுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தாள். பின்னால் ஆள் வருகிறதா என்று தாமுவே சந்தைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஐந்து மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது நெல்சன் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். கட்டிலுக்கடியில் கிடந்த பை அவன் காலடியில் இருந்தது.

"இருநூத்தி நாப்பதா?" என்றாள் அவள். கத்த முடியவில்லை. கத்த முடியாத வீடு அது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எவனோ ஒருத்தன், எங்கயோ ஒரு காட்டுல, எந்த மானையோ சுடுறதுக்கு, நீ எனக்கு அந்த நேரத்துல நம்பர் அனுப்புறே. நான் அங்க உட்கார்ந்திருக்கேன்டா!"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? தப்பு நம்பரை நம்பி ஒருத்தன் வாங்கினான்னா..."

"ஓடட்டும்டா அந்த மான்! காயத்தோட ஓடட்டும்! எனக்கென்ன?"

அவன் தரையில் உட்கார்ந்தான். "இந்தப் பத்து மாசத்துல நான் சரியாப் பண்றது அது ஒண்ணுதான்கா" என்றான். அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. அவன் பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்தாள். பர்மிய மொழியில் அவன் அனுப்பிய செய்தி ஞாபகம் வந்தது. ஆள் அளவு கொடுக்கிறார்களாம்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நெல்சன் குளியலறைக்குள் போனான். வெளியே நின்றது நாலாவது மாடி ருமானா. கணவரை இழந்தவள், சந்தையில் பாத்திரக்கடை வைத்திருப்பவள். கையில் ஒரு கிண்ணம் பருப்பு. உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள்.

"வார்டு ஆபீஸ்ல இருந்து உங்க வீட்டைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாங்க. காலையில வருவாங்க" என்றாள். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்: "தம்பிய எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. எங்க வீட்டுல மேல பலகைத் தட்டு இருக்கு. பாத்திர மூட்டைக்குப் பின்னால படுத்துக்கலாம்."

ஜூடித் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நான் எப்பவோ தெரிஞ்சுக்கிட்டேன் டோ ஜூடித். குதிகால் வைக்காம நடந்தா பலகை கிரீச்சுங்கும். வெச்சு நடந்தாத்தான் கேக்காது. அவருக்கு யாரும் சொல்லித்தரலியா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். அலமாரி, கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். ஒருவன் பல்துலக்கும் பிரஷ்களை எண்ணினான். ஒன்றுதான் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெல்சன் அதை முந்தின நாளே முழுக்கத் துடைத்து வைத்திருந்தான். கீழே ருமானா வீட்டை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ருமானாவின் பலகைத் தட்டில் நெல்சன் பத்தொன்பது நாள் படுத்திருந்தான். அங்கே எழுந்து உட்கார உயரம் போதாது. இருபதாம் நாள் மேலே வந்தபோது முதுகு நிமிர மறுத்தது. சுந்தர் மூலம் கிடைத்த வேலை போய்விட்டது. அவன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான், வேறு வழியும் அவனுக்கு இல்லை.

இதற்குள் ஜூடித்துக்கு வேறொன்று தொடங்கியிருந்தது.

சம்பவம் நடந்த அடுத்த வாரம் பஸ் சாவடியில் நின்றபோது சிப்பாய் அவளை மட்டும் இறங்கச் சொன்னான். கொட்டகைக்குள் அதிகாரி தேநீரோடு உட்கார்ந்திருந்தார். போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"அமா, மழை நாள்ல மருந்து நமுத்துப்போயிரும். எங்க அப்பா குழல் வாயை மெழுகால அடைப்பார். அது சரியா?"

பத்து நிமிடம் பேசிவிட்டு அனுப்பிவிட்டார். மூன்று நாள் கழித்து மறுபடி. கேளையாட்டுக்கு உருண்டைக் குண்டு போதுமா, பெரிதா? சாய்வான மலையில் மேலிருந்து சுட்டால் எங்கே குறிவைப்பது? ஊரை விட்டு வந்து முப்பது வருஷமாகிவிட்டது என்றார் ஒருநாள். பக்கத்தில் இருப்பவர்களோடு இதையெல்லாம் பேச முடியாது என்றார். அவர் நிஜமாகவே பேச ஆள் தேடுகிறாரா, அல்லது ஒருநாள் அவள் வாயிலிருந்து தவறு விழக் காத்திருக்கிறாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வழியை மாற்ற முடியாது. தெரியாது என்று ஒருமுறை சொன்னாலும் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஆகவே நெல்சன் மேலே திரும்பிய பிறகு சாயங்காலங்களில் இடம் மாறிப்போனது. இப்போது கேட்பவள் அவள். நெல்சன் பழைய நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, ஜூடித் சோறு கிளறியபடி திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்வாள். எழுதி வைத்துக்கொள்ள முடியாது. "பின்னங்காலுக்கு முன்னால..." என்று அவள் தொடங்கினால், "முன்னங்காலுக்குப் பின்னாலக்கா, முன்னங்காலுக்குப் பின்னால!" என்று அவன் பதறுவான். ஆபீசில் கடிதம் அடிக்கும்போதும் அவள் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் ஈயம் உருகியது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அதிகாரி ஒரு காரியம் சொன்னார். ஊரில் அவர் அண்ணன் இருக்கிறார், வேட்டைக்குப் போகிறவர். அவருக்குப் புரிகிற மாதிரி பர்மிய மொழியில் ஒரு இரண்டு பக்கம் வேண்டும். கடமானை ஒரே வெடியில் துன்பமில்லாமல் வீழ்த்த எந்தக் குண்டு, எப்படி.

"எழுத மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே, ஸயா" என்றாள் ஜூடித்.

"நான்தானே வாங்கினேன்" என்றார் அவர்.

நெல்சன் அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டான். இரண்டே பக்கம். வரியில்லாத குழல், முப்பது கஜம், சுத்த ஈயம், அதை நகத்தால் கீறிப் பார்த்து அறிவது, மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பது, சந்தேகமிருந்தால் சுடாமல் விட்டுவிடுவது. நான்கு நாளும் அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. அவன் எழுத்தை ஜூடித் தன் கையெழுத்தில் பெயர்த்து எழுதினாள். அவன் எழுதிய தாளை அடுப்பில் வைத்தாள்.

அதிகாரி கொட்டகைக்குள் அதை நின்றபடியே படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்ல பொறுமைசாலி" என்றார். "இதை எழுதினவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கொட்டகைத் தகரத்தில் வெயில் ஏறி, உள்ளே அனல் அடித்தது. ஜூடித் அவர் கண்ணைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"நான்தான் எழுதினேன், ஸயா."

"அப்ப உங்களுக்கே சொல்றேன்." அவர் கையை விரித்து வாசலைக் காட்டினார். "போங்க அமா, பஸ் நிக்குது."

அவள் ஏறினாள். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. கியாக்டடா வரை கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் விட்டார்? விட்டிருக்கிறாரா, அல்லது வைத்திருக்கிறாரா? ஆபீஸ் வாசலில் இறங்கும்போது கை கம்பியை விட மறுத்தது. நடத்துநர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நெல்சன் கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்தான், பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி.

"என்னக்கா சொன்னாரு?"

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் அவள் குனிந்துகொண்டாள். இன்றைக்கு நடந்ததைச் சொன்னால் அவன் இந்த ராத்திரியே பையைத் தூக்குவான், கீழே தெருவில் நூறு அடி போவதற்குள் பிடிபடுவான். சொல்லாவிட்டால் நாளைக்குக் கதவு தட்டப்படலாம், தட்டப்படாமலும் போகலாம்.

"நல்லா இருக்குன்னாரு" என்றாள். "எழுதினவங்க நல்ல பொறுமைசாலின்னாரு."

நெல்சனின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

"நிஜமாவா? வேற என்ன சொன்னாரு? சந்தேகமிருந்தா சுடாதேன்னு எழுதினேனே, அதப் பத்தி ஏதாவது..."

"ரெண்டு தடவை படிச்சாரு" என்றாள் ஜூடித்.

அவன் அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்தான். அடுத்த தடவை அதிகாரி என்ன கேட்கக்கூடும், அதற்கு என்ன சொல்லலாம் என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள், ஒரு வார்த்தையையும் விட்டுவிடாமல்.